எழும்பி நிண்டால்

படுத்துக் கிடக்கக்குள்ள எழுபத்திநாலு.
எழும்பி நிண்டால் நூற்றிமுப்பத்தொண்டு.
நிந்தவூரில் பதினொரு வருசம்
வீடு வீடாய்த் தண்ணி மீட்டர் பார்த்தவன் நான்.
இலக்கத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மற்றதெல்லாம் நோமல்.
இரத்தம் நோமல், ஈ.சீ.ஜி. நோமல்,
நெஞ்சுப் படம் நல்ல வடிவு.
"மனசைத் திடமா வெச்சுக்கங்க" எண்டார்
கல்முனையில் ஒரு டொக்டர்.
மனசு திடம்தான் சேர்.
முழங்காலுக்குக் கீழ இறங்கின இரத்தம்
மேல வரமாட்டன் எண்டு நிக்குது,
அதுக்கிட்ட நீங்களே ஒருக்காச் சொல்லுங்க.

மட்டக்களப்பில் கோகிலரமணி டொக்டர்தான்
சுவரில் சாயாமல் பத்து நிமிசம் நிக்கச் சொன்னா.
ஆறாவது நிமிசத்தில்
அவவின் முகம் ஓரத்தால் கருகத் தொடங்கிச்சு,
கடதாசி பத்துற மாதிரி.
பிடிச்சுக் கட்டிலில் போட்டுவிட்டுச் சொன்னா:
இதயத்தில் பழுதில்லை.
அதுக்குக் கட்டளை போடுற நரம்புகள்தான் குழம்பிக் கிடக்கு.
நாம நினையாமலே நடக்கிற வேலைகள்,
வேர்க்கிறது, செமிக்கிறது, நாடியை அடக்குறது,
அந்தக் கந்தோர் கொரோனாவுக்குப் பிறகு
ஒழுங்காய்த் திறக்கயில்லை.

அண்டைக்கு நான் அழுதது
வருத்தத்துக்கு இல்லை,
அதுக்கு ஒரு பேர் கிடைச்சதுக்கு.

உப்பு. மூணு லீட்டர் தண்ணி. ஜீவனிப் பக்கெட்.
தொடை வரைக்கும் இறுக்கிற காலுறை,
சித்திரை வெயிலில் அதை மாட்டி முடியவே
அண்டையப் பலம் முடிஞ்சிரும்.
குளிக்கிறது கதிரையில் இருந்து.
கையை உயர்த்தித் தலைக்குச் சவர்க்காரம் போட்டால்
பின்னேரம் வரைக்கும் பாய்.
பள்ளியில் கடைசி வரிசை எனக்கு,
எழுபது வயசு மூட்டுவலிக்காரர்கள் நடுவில்
முப்பத்தெட்டு வயசு.
சுஜூதிலிருந்து எழும்ப ஏலாதவனுக்கு
பிளாஸ்டிக் கதிரை.
"ஆள் நல்லாத்தானே இருக்கார்"
என்ட முதுகுக்குக் கேக்கும்.

என்ட இடத்துக்கு வந்த இஃபாம்
இடைக்கிடை கோல் எடுப்பான்.
"காக்கா, ஆறாம் குறிச்சியில் அந்தப் பச்சைக் கேற்?"
கோழிக்கூட்டுக்குப் பின்னால போ.
ஓட்டுத் துண்டைத் தூக்கு.
பார்த்து, கொடுக்கான் இருக்கும்.
அப்படியே அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு,
ஒழுங்கை முடியும் வரைக்கும் நடந்துட்டு வந்து
கண்ணைத் திறந்தால்
படுத்த படுக்கையிலேயே இளைப்பு.
நினைக்கிறதும் செலவுதான்.

வாப்பாவை ஓட்டமாவடிக்குக் கொண்டு போகக்குள்ள
நான் ஒக்சிசனில் கிடந்தன்.
மூணு வருசம் கழிச்சுப் போன கிழமைதான் போனன்,
வானில் சீற்றைச் சாய்ச்சு,
ஜன்னலுக்குச் சீலை கட்டி.
மச்சான் தேடி இலக்கத்தைக் காட்டினான்.
ஸலாம் சொன்னன். ஓதத் தொடங்கினன்.
மூணாவது நிமிசம்
காதுக்குள்ள கடல் இரைஞ்சுது.

விழ முதல் நானாவே படுத்திட்டன்,
கபுறுக்குப் பக்கத்தில், மண்ணில், நீட்டி.
மச்சான் பதறி ஓடி வந்தான்.
வேணாம் எண்டு கையைக் காட்டினன்.
விரலில் மாட்டின மெசின்
நூற்றிப்பதினெட்டு எண்டுது. தொண்ணூற்றாறு.
எண்பது.
மண் சூடு. முழங்கையில் எறும்பு.
வாப்பா ஆறடி,
எப்பவும் நான் அண்ணாந்துதான் பேசினது.
மிச்சத்தைப் படுத்துக்கொண்டே ஓதினன்.

திரும்பி வந்து இண்டைக்கு ஒன்பதாம் நாள்.
அறை இருட்டு. ஃபேன் சத்தம்கூட உதைக்கிற மாதிரி.
ஜுசைலா கஞ்சியை வெச்சிட்டுப்
பேசாமல் போறா, பேச்சும் எனக்குப் பாரம் எண்டு தெரிஞ்சவ.
ஹினாயாதான் சீலையை விலக்கி வந்து
என்ட விரலைப் பிடிச்சு
இலக்கத்தைக் கொப்பியில் எழுதுறாள்.
உம்மா பயப்படுவா, கொஞ்சம் குறைச்சு எழுது எண்டன்.

"இருக்கிறதைத்தான் எழுதுவன், வாப்பா."
திகதியும் போட்டாள்.